பெட்டியில் இருப்பதெல்லாம் ஒரே நாளில் வந்ததா?

கேள்வி: பெரியப்பா வைத்திருந்த, ஹை ஸ்டாண்டர்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சூப்பர்மேட்டிக் இலக்குப் பிஸ்டல், உரிமம் எல்லாம் முறைப்படி மாற்றி இப்போது என்னிடம் வந்திருக்கிறது. சின்ன லீவரைத் திருப்பிப் பேரலை (தோட்டா பாயும் குழல்) கழற்றும் பழைய மாடல். அதனுடன் ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள், முனை ஆடாமலிருக்கப் பேரலுக்கு அடியில் மாட்டும் 2 அவுன்ஸ், 3 அவுன்ஸ் வெயிட்டுகள், இன்னொரு குட்டைப் பேரல், மூன்று மேகசின் (தோட்டா அடைக்கும் கூடு), பேரல் முனையில் மாட்டுகிற, பக்கவாட்டில் வெட்டுகள் உள்ள ஒரு குழாய், ஒரு கையேடு. ஒரு வெயிட் கன்னங்கரேல் என்றிருக்கிறது, மற்றது பழுப்பேறியிருக்கிறது. பழைய விளம்பரப் படத்தில் உள்ள வெயிட்டின் முனை வேறு மாதிரி இருக்கிறது. பேரலுக்கு அடியில் உள்ள பள்ளத்தை மூடும் பட்டையைக் காணவில்லை. சேகரிப்பாளர் ஒருவர் பார்த்துவிட்டு, "பாதிக்கு மேல் டூப்ளிகேட்" என்று சொல்லிவிட்டார். எது அசல், எது இல்லை? எல்லாவற்றுக்கும் புதிதாக ப்ளூயிங் (இரும்பின் மேல் ரசாயனத்தால் ஏற்றும் கருநீலப் படலம்) போட்டு ஒரே நிறமாக்கலாமா? பட்டையை வாங்கி செட்டை முழுமையாக்கலாமா?

பதில்: முதலில் ப்ளூயிங் விஷயம். போடாதீர்கள். துணியில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் துடைப்பதைத் தவிர இப்போதைக்கு எதுவும் செய்ய வேண்டாம். ஏன் என்பது கீழே புரியும்.

நீங்கள் அனுப்பிய படங்களை வைத்துச் சொன்னால், வெயிட் இரண்டும் பெரும்பாலும் சரியானவை. குழாய் அதே கம்பெனிப் பொருள்தான், ஆனால் உங்கள் துப்பாக்கிக்குப் பின்னால் வந்தது. மேகசின்களில் ஒன்று மிகவும் பிற்காலத்தது. "பாதிக்கு மேல் டூப்ளிகேட்" என்பது அவசரத் தீர்ப்பு.

மதிப்பீட்டு அறிக்கை எழுதும்போது துணைப் பொருட்களை நான் நான்காகப் பிரிப்பேன். இதே துப்பாக்கியோடு இதே பெட்டியில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது ஒன்று. அதே காலத்தில் அதே மாடலுக்காகச் செய்யப்பட்டு, வேறு துப்பாக்கியிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது இரண்டாவது. அதே கம்பெனி வேறு காலத்தில் செய்தது மூன்றாவது. வெளியார் செய்த நகல் நான்காவது. முதலாவதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். பொருளை மட்டும் பார்த்து எவராலும் சத்தியம் செய்ய முடியாது. அந்தச் சேகரிப்பாளர் மூன்றாவதையும் நான்காவதையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டார். விலையிலும் சரி, சரித்திரத்திலும் சரி, இரண்டுக்கும் பெரிய தூரம் உண்டு.

துணைப் பொருளைப் பார்க்கும் முன் துப்பாக்கியின் காலத்தைக் கட்டிவிட வேண்டும். சூப்பர்மேட்டிக் 1951-ல் வந்தது. கூடவே, .22 ஷார்ட் தோட்டாவுக்காக அலுமினிய ஸ்லைடோடு (சுடும்போது பின்னும் முன்னும் ஓடும் பாகம்) ஒலிம்பிக் என்ற மாடலும் உண்டு. லீவரைத் திருப்பிப் பேரலைக் கழற்றும் முறை 1954 வாக்கில் போய், பொத்தானை அழுத்திக் கழற்றும் முறை வந்தது. ட்ராஃபி, சைட்டேஷன் என்ற பெயர்கள் 1958-க்குப் பிறகு. அமெரிக்க ராணுவத்தின் 1911 பிஸ்டல்போல நிமிர்ந்த பிடி கொண்ட மிலிட்டரி மாடல் 1965-ல் வந்தது. ஆகவே உங்களுடையது ஐம்பதுகளின் முதல் பாதியைச் சேர்ந்தது. அந்த மாடலை 4½ அங்குலம், 6¾ அங்குலம் என இரண்டு பேரலோடு விற்றார்கள் என்பதால் குட்டைப் பேரல் பெட்டியில் இருப்பது முற்றிலும் பொருத்தம். இரண்டு பேரலின் ப்ளூயிங்கும் ஒரே சாயலில் இருக்கிறதா என்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். குட்டைப் பேரல் புத்தம் புதிதாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டாம். இலக்குச் சுடுபவர்கள் நீளப் பேரலைத்தான் மாட்டியே வைத்திருப்பார்கள். குட்டையது பெட்டியிலேயே தூங்கும்.

இனி வெயிட்டுகள். உங்கள் கேள்வியின் மையமே இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பேரலின் அடியில் நீளவாக்கில், உள்ளே அகன்று வாயில் குறுகிய ஒரு பள்ளம் இருக்கிறது அல்லவா, அதில்தான் வெயிட் வழுக்கிக்கொண்டு போய் உட்கார வேண்டும். வெயிட் போடாதபோது பள்ளம் திறந்து கிடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மூடுபட்டை. துப்பாக்கி காலி என்பதை மேகசினை எடுத்து, ஸ்லைடைப் பின்னிழுத்து, அறைக்குள் பார்த்து உறுதி செய்துகொண்டு பேரலைத் தனியே கழற்றுங்கள். வெயிட்டைப் பள்ளத்தில் விரலால் தள்ளுங்கள். அசல் பொருள் தட்டாமல் போகும், ஆனால் லொடலொடக்காது. நகல் என்றால் பெரும்பாலும் பாதி வழியில் இறுகும், அல்லது பக்கவாட்டில் ஆடும். பள்ளத்தின் சாய்வுக் கோணத்தை அச்சு அசலாகப் பிடிப்பது சின்னப் பட்டறைக்குச் சுலபமில்லை.

அடுத்து வெயிட்டைத் தலைகீழாகத் திருப்பி, பள்ளத்துக்குள் போகும் பகுதியை உருப்பெருக்கியில் பாருங்கள். வெளிமுகம் எத்தனை தேய்ந்திருந்தாலும் அந்த மடிப்புக்குள் பழைய ப்ளூயிங் அப்படியே தங்கியிருக்கும். உங்கள் பழுப்பு வெயிட்டின் இரண்டாவது படத்தில் எனக்கு அது தெரிகிறது. வெளியே பழுப்பு, மடிப்புக்குள் கருநீலம். கை வியர்வை பட்டு, ப்ளூயிங் பல ஆண்டுகளில் மெல்லத் துருவாக மாறிய இரும்பு இப்படித்தான் இருக்கும். இதைச் செயற்கையாகச் செய்ய முடியும், ஆனால் மடிப்புக்குள் நீலத்தை விட்டுவைத்து வெளியே மட்டும் பழுப்பேற்ற யாரும் மெனக்கெடுவதில்லை.

கன்னங்கரேல் வெயிட்டில்தான் கூடுதல் கவனம் வேண்டும். கடையில் பாட்டிலில் விற்கும் குளிர் ப்ளூயிங் திரவத்தைத் தேய்த்திருந்தால் நிறம் திட்டுத்திட்டாக இருக்கும், விளிம்புகளில் சாம்பல் அடிக்கும், உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி முகர்ந்தால் ஒரு கெட்ட வாசனை வரும். தொழிற்சாலையில் போட்டதென்றால் ஸ்குரூ ஓட்டைக்குள்ளும் அதே நிறம் தொடரும். இவை சரியாக இருந்தால் கறுப்பு வெயிட் அதிகம் பயன்படாதது என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் பெரியப்பா 2 அவுன்ஸை மாட்டியே சுட்டிருப்பார், 3 அவுன்ஸ் கை சோர்ந்துபோகும் என்று பெட்டியில் போட்டிருப்பார். இதற்கும் சாட்சி உண்டு. பேரலின் அடியில் வெயிட் உட்காரும் இடத்தைச் சாய்வு வெளிச்சத்தில் பாருங்கள். பல காலம் ஒரே வெயிட் இருந்திருந்தால் அதன் நீளத்துக்கு ஒரு தடம் விழுந்திருக்கும். உள்ளே ப்ளூயிங் பளிச்சென்று, விளிம்பில் மெல்லிய துருக்கோடு. அந்தத் தடத்தின் நீளம் உங்கள் பழுப்பு வெயிட்டின் நீளத்தோடு ஒத்துப்போனால், எந்தச் சேகரிப்பாளரின் வாய்வார்த்தையையும்விட அது பெரிய ஆதாரம்.

நிறுத்தும் பார்த்துவிடுங்கள். 2 அவுன்ஸ் என்பது சுமார் 57 கிராம், 3 அவுன்ஸ் 85 கிராம். சமையலறைத் தராசே போதும். இரும்பு போலக் கறுப்படித்த அலுமினிய நகல் என்றால் அதே அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு எடைதான் வரும். ஸ்குரூ மரையையும் கவனியுங்கள். அமெரிக்கத் தயாரிப்புக்கு அங்குலக் கணக்கு மரை. மெட்ரிக் ஸ்குரூ இறுக்கமில்லாமல் போய் உட்கார்ந்தால், அந்தப் பொருளோ குறைந்தபட்சம் அந்த ஸ்குரூவோ வேறெங்கோ பிறந்தது.

சரி, விளம்பரப் படத்தில் முனை ஏன் வேறாக இருக்கிறது? ஏனென்றால் விளம்பரம் ஒரு வரைபடம், பட்டியல் அல்ல. அந்தக் காலத்து விளம்பரப் படங்கள் பலவும் முன்மாதிரியை வைத்து எடுத்து, தூரிகையால் திருத்தி, அதே அச்சுப் பாளத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப ஓட்டியவை. பட்டறையில் நடப்பது வேறு. வெட்டுக்கருவி மாறும், வெளியில் கொடுத்துச் செய்யும் சின்னப் பொருளுக்கு ஆள் மாறுவான், பழைய கையிருப்பு தீரும்வரை புதுப் பெட்டியிலும் அதுவே போகும். முனை சாய்வாகவும் வட்டமாகவும் இரண்டு வகை இருப்பதால் மட்டும் ஒன்று பொய்யாகிவிடாது. இலக்குப் பிஸ்டல் சேகரிப்பில் நான் பார்க்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது. படத்தைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுகிறார்கள்.

பெட்டிக்குப் பெட்டி பொருட்கள் வேறுபட இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: போட்டி விதிகள். சர்வதேசச் சுடுதல் சம்மேளனத்தின் 25 மீட்டர் போட்டிகளில், பிஸ்டல் அதன் துணைப் பொருட்களோடு சேர்த்து 300 x 150 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். மொத்த எடை 1400 கிராமைத் தாண்டக்கூடாது. ஸ்டாண்டர்ட் பிஸ்டல் என்ற போட்டியில் மஸில் பிரேக்குக்கு (உங்கள் குழாயைப் போல, முனை எகிறுவதைக் குறைக்கப் பேரல் முனையில் மாட்டுவது) இடமே இல்லை. அமெரிக்காவின் புல்ஸ்ஐ போட்டிகளுக்கோ வேறு விதிகள். ஒரே பிஸ்டலை இரண்டு சந்தைக்கும் விற்றவர்கள் சந்தைக்கு ஒரு செட் கட்டினார்கள். சுவிட்சர்லாந்தின் ஹேமர்லி, போருக்கு முந்தைய வால்தர் ஒலிம்பியாவின் அடிப்படையில் 1950-களில் செய்த 200 வரிசையையே பாருங்கள். அதில் 204, 205 என்ற எண்கள் அமெரிக்காவுக்காகவே, .22 லாங் ரைஃபிள் தோட்டாவுக்கு, அந்த நாட்டவர் விரும்பும் சைட்டோடு (குறிபார்க்கும் பாகம்) செய்யப்பட்டவை. ஐரோப்பாவில் வாங்கிய ஒருவர் தன் பெட்டியைப் பார்த்து அமெரிக்கப் பெட்டியைப் போலி என்பதும், அவர் இவருடையதைப் போலி என்பதும் இன்றும் நடக்கிறது. இருவருமே சரியான பெட்டியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் குழாய். அதை ஹை ஸ்டாண்டர்ட் ஸ்டெபிலைசர் என்று விற்றது. வெட்டுகள் வழியாகப் புகையைப் பக்கவாட்டிலும் மேலேயும் தள்ளி, முனை எகிறுவதைக் குறைக்கும். தனியாகக் கழற்றி மாட்டும் இந்த வடிவம் ட்ராஃபி, சைட்டேஷன் காலத்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் வில்லியம் மெக்மில்லன் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றது ஹை ஸ்டாண்டர்ட் பிஸ்டலை வைத்துத்தான் என்பதால், அந்தக் காலத்துத் துணைப் பொருளுக்கு ஒரு மவுசு உண்டு. ஆகவே தூக்கிப் போட வேண்டாம். ஆனால் உங்கள் பேரலில் மாட்டவும் வேண்டாம். இது அழகியல் விஷயம் இல்லை. தனக்கென்று செய்யப்படாத பேரலில் மஸில் பிரேக் அரை மில்லிமீட்டர் கோணலாக உட்கார்ந்தாலும் தோட்டா அதன் சுவரில் உரசும், சுவர் பிய்ந்து பறக்கலாம். தனி உறையில் போட்டு, "பிற்காலத்தது" என்று எழுதி வையுங்கள். விற்பதானால் தனியாக விற்கலாம். வாங்குபவரிடம் செட்டோடு வந்தது என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மேகசின்களில் இரண்டின் அடித்தட்டு ஒன்றுபோல இருக்கிறது, தேய்மானமும் ஒன்றுபோல இருக்கிறது. மூன்றாவதன் தகடு மெல்லிசு, மூலைகள் கூர்மை, பக்கத்தில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. அதிலும் ஹை ஸ்டாண்டர்ட் என்ற பெயர் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். பழைய கம்பெனி 1984-ல் மூடியது. பிறகு 1993-ல் ஹூஸ்டனில் அதே பெயரில் வேறொரு நிறுவனம் தொடங்கி, பிஸ்டல்களும் மேகசின்களும் செய்தது. அதனால் பெயர் காலத்தைச் சொல்லாது. சுடுவதற்கு அந்த மூன்றாவதையே பயன்படுத்துங்கள், அது தேய்ந்தால் நஷ்டமில்லை. பழையவற்றின் வாய் உதடுகள் வளைந்தால் பிறகு தோட்டா ஏறுவதே தொல்லை.

கையேட்டைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை. நான் முதலில் திறந்து பார்ப்பது அதைத்தான். கடைசிப் பக்கத்தில் கம்பெனி முகவரி இருக்கும். அமெரிக்காவில் ஐந்து இலக்க அஞ்சல் எண் 1963-ல்தான் வந்தது. உங்கள் கையேட்டு முகவரியில் அந்த ஐந்து இலக்கம் இருந்தால், 1950-களின் துப்பாக்கிக்கு அது பிறகு யாரோ போட்டுவைத்த கையேடு. பெட்டியில் பார்கோடு இருந்தால் கேட்கவே வேண்டாம், 1970-களின் நடுவுக்குப் பிந்தியது. மரத்தையும் உலோகத்தையும் நகல் செய்பவர்கள் இந்த ஐந்து எண்ணைக் கவனிப்பதில்லை.

மற்ற பிராண்டுகள் வைத்திருப்பவர்களுக்காகச் சிலவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1938-ல் வந்த கோல்ட் மேட்ச் டார்கெட்டுக்கு ஒரே மரத்தில் குடைந்த அகலமான வால்நட் பிடி உண்டு. யானைக் காது என்று செல்லப் பெயர். மெல்லிசான ஓரங்கள் சீக்கிரம் உடையும் என்பதால் அசல் அரிது, நகல் ஏராளம். பழைய ஸ்மித் அண்ட் வெஸன் பெட்டிகளின் அடியில் மெழுகுப் பென்சிலால் துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதியிருப்பார்கள். அது பொருந்தினால் பெட்டி அதனுடையதுதான். அவர்களின் மர கிரிப்பில் ஸ்குரூவைச் சுற்றி வைர வடிவம் விட்டிருப்பது சுமார் 1968 வரைதான். 1957-ல் வந்த மாடல் 41-க்கு மஸில் பிரேக், அலுமினியமும் இரும்புமாக வெயிட்டுகள் என்று எல்லாமே உண்டு. அங்கே எடை குறைந்த அலுமினியத்தைப் பார்த்து நகல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஜெர்மன் பிஸ்டல் என்றால் வேலை இன்னும் சுலபம். வால்தர் ஜிஎஸ்பி போன்றவற்றுக்கு .22-லிருந்து .32-க்கு மாற்றும் செட் தனியாக வரும். அங்கே பேரல் ஒவ்வொன்றையும் அரசுச் சோதனைக்கூடம் சோதித்து முத்திரை குத்தும். உல்ம் நகரக் கூடத்தின் முத்திரை மான் கொம்பு. பக்கத்தில் வருடத்தை இரண்டு எழுத்தில் போட்டிருப்பார்கள்: ஏ என்றால் 0, பி 1, சி 2 என்று போய், ஐ 8, ஜே-யைத் தாண்டி கே 9. எச்எஃப் என்றால் 75. துப்பாக்கியில் ஒரு வருடமும் மாற்றுப் பேரலில் நான்கு வருடம் தள்ளியும் இருந்தால், செட் இரண்டு தவணையில் வாங்கப்பட்டது. அது குறை இல்லை. பெரும்பாலான சுடுநர்கள் அப்படித்தான் வாங்கினார்கள். "ஒரே செட்" என்று சொல்லி விற்றால்தான் குறை.

பெட்டி பற்றி ஒரு எச்சரிக்கை. உள்ளே பஞ்சுமெத்தை போன்ற ஃபோம் இருந்தால் துப்பாக்கியை அதில் வைக்காதீர்கள். பழைய ஃபோம் ஈரத்தை உறிஞ்சும், நாளடைவில் பிசுபிசுவென்று உதிர்ந்து ப்ளூயிங்கைத் தின்னும். தோல் உறையும் அப்படித்தான். பெட்டியைக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, துப்பாக்கியை வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். கிரிப் மரத்தில் எண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊறினால் மரம் கறுத்து இளகிவிடும்.

இவ்வளவும் படித்தபின் ப்ளூயிங் ஏன் வேண்டாம் என்றேன் என்பது தெரிந்திருக்கும். மடிப்புக்குள் தங்கிய நீலம், அடியில் விழுந்த தடம், ஸ்குரூ ஓட்டையின் நிறம் எல்லாமே ஒரு தொட்டி ரசாயனத்தில் ஒரே மணி நேரத்தில் அழிந்துவிடும். அதன் பிறகு அந்தச் சேகரிப்பாளர் சொல்வதை மறுக்க உங்களிடம் ஒன்றும் மிஞ்சாது.

மூடுபட்டையை வாங்கலாம், தப்பில்லை. திறந்த பள்ளத்தில் அழுக்கு சேர்வதற்கு இது மேல். ஆனால் வாங்கிய தேதியும் இடமும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியிலேயே வையுங்கள். ப்ளூயிங் உங்கள் பேரலை விடப் புதிதாக இருந்தால் அப்படியே இருக்கட்டும், பொருத்தமாக்க உரச வேண்டாம். குட்டைப் பேரலைப் பொறுத்தவரை இன்னொரு வேலை இருக்கிறது. பல நாடுகளில் மாற்றுப் பேரல் தனியாக உரிமத்தில் ஏற வேண்டிய பாகம். உங்கள் உரிமத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் உரிமம் கொடுத்த அலுவலகத்தில் முதலில் கேட்டுவிடுங்கள். மஸில் பிரேக்குக்கும் இதே கேள்வியைக் கேட்டுவைப்பது நல்லது.

அடுத்த கடிதத்தில் மூன்று படம் அனுப்புங்கள்: பேரலின் அடிப்பகுதி சாய்வு வெளிச்சத்தில், கறுப்பு வெயிட்டின் ஸ்குரூ ஓட்டை அருகிலிருந்து, கையேட்டின் கடைசிப் பக்கம். பெரியப்பாவின் பழைய ஸ்கோர் புத்தகமோ கடை ரசீதோ வீட்டில் எங்காவது கிடந்தால் அதையும் தேடுங்கள். சுடுபவர்கள் எந்த வெயிட்டைப் போட்டுச் சுட்டோம் என்பதை ஓரத்தில் குறித்துவைப்பது வழக்கம்.